பனிப்புயல் நாளில் மிசிசாகாவிலிருந்து ஸ்கார்பரோவுக்குக் காரில் திரும்புவது எப்படி?

கேட்டிருப்பது இதுதான். போன ஆகஸ்டில் கோயம்புத்தூரிலிருந்து டொராண்டோ வந்த குடும்பம். வீடு ஸ்கார்பரோவில், அலுவலகம் மிசிசாகாவில் விமான நிலையத்தை ஒட்டி. நாளை மறுநாள், புதன்கிழமை மதியம் தொடங்கி நள்ளிரவு வரை 25 முதல் 30 சென்டிமீட்டர் பனி கொட்டும் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அலுவலகம் லீவு விடவில்லை. காரில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும், 401 நெடுஞ்சாலையில் வருவதா உள்தெருக்களில் வருவதா, பனி ஒதுக்கும் வண்டிக்குப் பின்னாலேயே வந்தால் பத்திரமா என்று மூன்று கேள்விகள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "குழந்தையின் டேகேரை 6 மணிக்கு மூடிவிடுவார்கள், கணவர் வேலை முடிந்து வர 8 ஆகும்." என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. மற்ற மூன்றும் அதற்குள் அடக்கம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊரில் நெடுஞ்சாலைப் பராமரிப்பு எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தில் பதினெட்டு குளிர்காலம் வேலை பார்த்தேன். முதலில் ஸ்னோ ப்ளவ் என்று எல்லோரும் சொல்லும் பனி ஒதுக்கும் லாரி ஓட்டினேன். பிறகு எந்த லாரி எந்தச் சாலைக்குப் போகவேண்டும் என்று ரேடியோவில் சொல்லும் இடத்தில் உட்கார்ந்தேன். வானிலை கணிப்பது என் படிப்பில்லை. மற்றவர்கள் கணித்துத் தருவதை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வேலை பார்த்தவன், அவ்வளவுதான். கார் மெக்கானிக்கும் கிடையாது. ஆனால் பனி கொட்டும்போது சாலையில் என்ன நடக்கிறது என்பதை லாரியின் உயரத்திலிருந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

பார்த்ததில் எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்று. புயல் நாளில் நீங்கள் நல்லபடியாக வீடு சேர்வதை முடிவு செய்வது நீங்கள் கிளம்பும் நேரம்தான். ஓட்டும் திறமை அதற்கு அடுத்தபடி. டிக்கியில் இருக்கும் சாமான் அதற்கும் கீழே. புதிதாக வந்தவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கடைக்குப் போய் 200 டாலருக்குச் சாமான் வாங்கி அடுக்கிவிட்டு, மாலை 4 மணிக்கு எல்லோரும் கிளம்பும் நேரத்தில் தாங்களும் கிளம்புகிறார்கள்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் சொல்கிறேன். கனமான பனிப்பொழிவு என்றால் மணிக்கு 2, 3 சென்டிமீட்டர். சில சமயம் 4, 5 கூட விழும். நான் ஓட்டிய தடத்தை ஒரு சுற்று முடிக்க நல்ல நாளில் ஒன்றரை மணி நேரம். அதாவது நான் வழித்துவிட்டுப் போன இடத்துக்குத் திரும்பி வரும்போது அங்கே மறுபடி 3, 4 சென்டிமீட்டர் கிடக்கும். இது சாலை காலியாக இருந்தால். சாயங்கால நெரிசலில் நானும் உங்களுக்குப் பின்னால்தான் நிற்கிறேன். ஒன்றரை மணி நேரச் சுற்று மூன்று மணி நேரமாகும், சாலையில் பனி 10 சென்டிமீட்டரை நெருங்கும், அந்த உயரத்தில் சின்னக் கார்கள் சிக்க ஆரம்பிக்கும், சிக்கிய கார்களால் நான் இன்னும் தாமதமாவேன். பனி மட்டும் தனியாக வந்தால் எங்களால் சமாளிக்க முடியும். பனியும் டிராபிக்கும் சேர்ந்து வந்தால் முடியாது. ஒன்டாரியோ மாகாணத்தின் விதியே இதைச் சொல்லாமல் சொல்கிறது: 401 மாதிரி முதல் வகுப்புச் சாலையில், புயல் ஓய்ந்து 8 மணி நேரத்துக்குள் தார் தெரிய வேண்டும் என்பதுதான் இலக்கு. புயல் ஓய்ந்த பிறகு என்பதைக் கவனியுங்கள். கொட்டிக்கொண்டிருக்கும்போது சாலை சுத்தமாக இருக்கும் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

இதற்கு நல்ல உதாரணம் இந்த ஊரில் இல்லை, அமெரிக்காவில் அட்லாண்டாவில் இருக்கிறது. 2014 ஜனவரி 28. அங்கே விழுந்த பனி மொத்தமே சுமார் 6 சென்டிமீட்டர்தான். டொராண்டோக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் மதியம் பனி விழ ஆரம்பித்ததும் பள்ளி, அலுவலகம், அரசாங்கம் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டன. ஊரே ஒரே மணி நேரத்தில் சாலைக்கு வந்தது. உப்பு லாரி நுழைய இடமில்லை. டயருக்கு அடியில் மிதிபட்ட பனி கண்ணாடி மாதிரி இறுகிவிட்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அன்று இரவு பள்ளியிலேயே தூங்கினார்கள். நெடுஞ்சாலையில் ஒரு குழந்தை பிறந்தது. அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகிறவர்கள் மறுநாள் காலை போய்ச் சேர்ந்தார்கள்.

அதனால் எனக்குத் தெரிந்த நல்ல நேரம் இரண்டுதான். ஒன்று, பனி வலுப்பதற்கு முன்னால். மற்றொன்று, பனி ஓய்ந்து நாங்கள் இரண்டு சுற்று முடித்த பின்னால். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே இருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைப் பழக்கிய மூத்த டிரைவர் யாழ்ப்பாணத்துக்காரர். வண்டிக் கண்ணாடியில் பனி அப்பும்போதெல்லாம் ஒன்று சொல்வார்: "தம்பி, அதோட போட்டி போடாதையும். அது களைச்சாப் பிறகு வெளிக்கிடும்." அது களைத்த பிறகு நீ கிளம்பு என்கிறார். எங்கள் வேலையில் அப்படி உட்கார முடியாது என்பது வேறு விஷயம். உங்களால் முடியும்.

சரி, உங்கள் புதன்கிழமைக்கு வருகிறேன். அறிவிப்பைப் படிக்கும்போது எத்தனை சென்டிமீட்டர் என்பதை ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். கனடா வானிலைத் துறை தென் ஒன்டாரியோவில் 12 மணி நேரத்தில் 15 சென்டிமீட்டர் தாண்டும் என்றால் பனிப்பொழிவு எச்சரிக்கை கொடுக்கும். அதற்கு மேல் 20 ஆனால் என்ன, 30 ஆனால் என்ன, மாலைப் பயணத்துக்குப் பெரிய வித்தியாசமில்லை. மணிக்கு மணி கணிப்பு என்று தனியாக ஒரு பக்கம் இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு வலுக்கிறது, காற்று எவ்வளவு? காற்று முக்கியம். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றும் 400 மீட்டருக்கு மேல் கண் தெரியாத நிலையும் 4 மணி நேரம் நீடித்தால்தான் பிளிஸார்டு என்ற பெயர். அந்த வார்த்தை அறிவிப்பில் வந்தால் இந்தப் பதிலை மேலே படிக்கவே வேண்டாம், காலையிலேயே வீட்டில் இருந்துவிடுங்கள்.

கணிப்பில் எதை நம்பலாம் என்றால், ஒரு நாள் முன்னால் "பெரிய பனி வருகிறது" என்று சொன்னால் பெரும்பாலும் வருகிறது. எந்த மணிக்கு ஆரம்பிக்கும் என்பதில் இரண்டு மூன்று மணி நேரம் முன்பின் ஆவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எந்தப் பேட்டையில் எவ்வளவு என்பது இன்னும் தள்ளாட்டம். கிழக்குக் காற்று அடித்தால் ஒன்டாரியோ ஏரியின் ஈரத்தைச் சேர்த்து வாரிக்கொண்டு வந்து மேற்குக் கரையில், அதாவது மிசிசாகா, ஹாமில்டன் பக்கம், கூடுதலாகக் கொட்டும். அப்போது ஸ்கார்பரோவில் 15 விழுந்தால் உங்கள் அலுவலக வாசலில் 25 இருக்கலாம். வீட்டுப் பக்கத்திலிருந்து யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு "இங்கே ஒன்றும் பெரிதாக இல்லையே" என்று போனில் சொன்னால் நம்பாதீர்கள்.

மதியம் 1 மணிக்கு ஆரம்பம் என்றால் எனக்குச் சரியாகப் படுவது இது. முதல் விருப்பம், வீட்டிலிருந்து வேலை. இன்றே மேலாளரிடம் கேளுங்கள். காலை 6 மணிக்குப் பள்ளி வாரியங்கள் பஸ் ரத்து என்று அறிவித்த பிறகு கேட்டால் பத்துப் பேரோடு பதினோராவது ஆளாக நிற்பீர்கள். வேலைக்கு வந்தே ஆகவேண்டும் என்றால் அதிகாலை 6 மணிக்கெல்லாம் போய்ச் சேர்ந்து, 12 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். "கொஞ்சம் பார்த்துவிட்டு 2 மணிக்கு" என்பது கெட்ட நேரம், ஏனென்றால் எல்லா அலுவலகங்களும் அப்படித்தான் யோசிக்கின்றன. மதியம் கிளம்ப விடமாட்டார்கள் என்றால், ராத்திரி முழுக்க அங்கேயே இருக்க மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். சாப்பாடு இரண்டு வேளைக்கு, மாற்று உடை, மருந்து. வெட்கப்பட ஒன்றுமில்லை. அலுவலக சோபாவில் ஒரு ராத்திரி தூங்கியதால் யாருக்கும் எதுவும் ஆனதில்லை.

இப்போது டேகேர். இதை இன்று சாயங்காலமே முடித்துவிடுங்கள். குழந்தையை அழைத்துப்போக அனுமதி உள்ளவர்கள் என்று அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலும் அதில் உங்கள் பெயரும் கணவர் பெயரும் மட்டும்தான் இருக்கும். டேகேருக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் நம்பகமான ஒருவரின் பெயரை அதில் எழுத்து மூலம் சேருங்கள். அவர் போட்டோ உள்ள அடையாள அட்டையோடு போகவேண்டியிருக்கும், அதையும் சொல்லிவையுங்கள். ஸ்கார்பரோவில் அப்படி ஒரு அக்காவோ ஆன்ட்டியோ நான்கு வீடு தள்ளி இல்லாமல் இருக்க மாட்டார். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பீர்கள். கேளுங்கள். முதல் குளிர்காலத்தில் எல்லோரும் யாரிடமோ கேட்டவர்கள்தான். புயல் நாளில் டேகேரே சீக்கிரம் மூடுகிறோம் என்று 3 மணிக்குப் போன் செய்வதும் உண்டு, அதற்கும் அந்தப் பெயர் உதவும். உங்கள் தலைக்குள் 6 மணி என்ற எண் இல்லாமல் போய்விட்டால், நீங்கள் எடுக்கும் மற்ற முடிவுகள் எல்லாம் தானாக நிதானமாகும்.

பாதை. காரை வீட்டிலேயே விட்டுவிட்டு கென்னடி நிலையத்திலிருந்து சப்வேயில் கிப்ளிங் வரை போய், அங்கிருந்து மிசிசாகா பஸ் பிடிக்க முடியுமென்றால் அதைத்தான் முதலில் சொல்வேன். அந்த சப்வே, இரண்டாம் தடம், பெரும்பாலும் பூமிக்கு அடியில் ஓடுகிறது. ஆனால் இதிலும் நடுவில் சில இடங்களில் ரயில் வெளியே வரும், அங்கே சேவை நிற்கலாம். பஸ்ஸும் பனி வலுக்கும் முன்புதான், அதன் பிறகு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2022 ஜனவரி 17 திங்கட்கிழமை அன்று டொராண்டோ மாநகரப் போக்குவரத்தான டி.டி.சி.யின் நூற்றுக்கணக்கான பஸ்கள் ஆங்காங்கே சிக்கி நின்றன. அன்று டான் வேலி பார்க்வே, கார்டினர் என்ற இரண்டு விரைவுச் சாலைகளையும் மூடினார்கள். கொரோனா விடுமுறை முடிந்து பள்ளி திறக்கவேண்டிய நாள் அது, பனி வந்து இன்னும் தள்ளிப்போட்டது.

காரில்தான் என்றால், உள்தெருக்களில் வராதீர்கள். இது நிச்சயம். மாநகராட்சி முதலில் விரைவுச் சாலைகளையும் பெரிய சாலைகளையும் பார்க்கும். குடியிருப்புத் தெருக்களுக்கு 8 சென்டிமீட்டர் தேறிய பிறகுதான் வண்டி வரும், முடிய மணிக்கணக்காகும். பெரிய சாலைகளிலும் பள்ளம் ஏற்றம் உண்டு என்பதை மறக்கவேண்டாம். டொராண்டோ தட்டையான ஊர் மாதிரி தெரியும். ஆனால் ஹம்பர் ஆறும் டான் ஆறும் அதை வெட்டிக்கொண்டு போகின்றன, மேற்கிலிருந்து கிழக்கே வருகிறவர் இரண்டையும் கடந்தாக வேண்டும். யார்க் மில்ஸ் ரோடு யங் தெருவைச் சந்திக்கும் அந்தப் பள்ளத்தில் இறங்கிய கார் மறுபக்கம் ஏற முடியாமல் சக்கரம் சுழற்றிக்கொண்டு நிற்பதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கலாம்.

401-இல் வந்தால் நடுவில் ஓடும் எக்ஸ்பிரஸ் தடத்தில் ஏறாதீர்கள், ஓரத்தில் ஓடும் கலெக்டர் தடத்தில் வாருங்கள். இது என் சொந்த அபிப்பிராயம், மாற்றிச் சொல்கிறவர்கள் உண்டு. எக்ஸ்பிரஸ் வேகமாகப் போகும், உண்மைதான். ஆனால் நின்றுவிட்டால் இரு பக்கமும் தடுப்பு, வெளியே வர வழி வெகு தூரத்தில். கலெக்டரில் ஒவ்வொரு பெரிய தெருவுக்கும் இறங்க வழி இருக்கும். இறங்கி ஒரு காபிக் கடையிலோ மாலிலோ உட்கார்ந்துவிடலாம். 407 சுங்கச் சாலை உங்கள் அலுவலகத்துக்கு வடக்கே இருக்கிறது. அதில் மார்க்கம் வரை வந்து தெற்கே இறங்கினால் சுற்றுதான், காசும் கூடுதலாகும். அன்று ஒரு நாள் அந்தக் காசைப் பார்க்காதீர்கள். அங்கே கூட்டம் குறைவு. நான் மேலே போட்ட கணக்கின்படி, கூட்டம் குறைந்தால் பனி ஒதுக்கும் வண்டி சீக்கிரம் திரும்பி வரும். கிளம்பும் முன் ஒன்டாரியோ 511 தளத்தில் சாலை நிலவரம், கேமரா படம் இரண்டையும் பாருங்கள். கேமராவில் தார் கறுப்பாகத் தெரிந்தால் சரி. வெள்ளையில் இரண்டு சக்கரத் தடம் மட்டும் தெரிந்தால் வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். தடமே தெரியாவிட்டால் சோபாவுக்குத் திரும்புங்கள்.

உறைமழை என்று அறிவிப்பில் இருந்தால் இந்தப் பாதைக் கணக்கு எதுவும் செல்லாது. பனியை வழித்துத் தள்ள முடியும். உறைமழையை எங்கே தள்ளுவது? விழுந்த இடத்தில் கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும். 2013 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் இங்கே வந்தது, டொராண்டோவில் மட்டும் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அந்த ராத்திரி எங்கள் உப்பு லாரியே ஒரு சரிவில் பக்கவாட்டில் வழுக்கிப் போனது. மேலே இத்தனை டன் உப்பு ஏற்றியிருக்கிறோமே என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன், ஓட்டியவர் சிரிக்கவில்லை.

டயரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கார் வாங்கும்போது கூடவே வந்த ஆல் சீசன் டயர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பெயரில்தான் எல்லாப் பருவமும். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் இறுக ஆரம்பிக்கும், பிடிப்பு குறையும். பக்கவாட்டில் மூன்று சிகரமும் நடுவில் பனித்துகள் படமும் இருந்தால் அது குளிருக்குத் தேறிய டயர். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, போட்டால் காப்பீட்டில் தள்ளுபடி உண்டு. புதனுக்குள் உங்களுக்கு டயர் கடையில் நேரம் கிடைக்காது, ஊரே வரிசையில் நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே காரை விட்டுவிட்டு சப்வேயில் போங்கள் என்பேன். நான்கு சக்கரத்துக்கும் இழுவிசை உள்ள வண்டி வைத்திருக்கும் நண்பர் கொண்டுவந்து விடுகிறேன் என்றால் ஒன்று ஞாபகம் வையுங்கள். அந்த வசதி கிளம்ப உதவும், ஏற்றத்தில் ஏற உதவும். நிற்க உதவாது. நிறுத்துவது டயர்தான். பள்ளத்தில் நான் பார்த்த கவிழ்ந்த வண்டிகளில் பெரிய வண்டிகள் குறைவில்லை.

வண்டிக்குள் வைக்க வேண்டியவை பற்றி நிறையப் பட்டியல் கிடைக்கும், நான் இன்னொன்று போடவில்லை. பாதி டாங்குக்குக் குறையாமல் பெட்ரோல், மைனஸ் 40 வரை உறையாது என்று எழுதிய, கண்ணாடி கழுவும் நீலத் திரவம், போர்வை, போன் சார்ஜர், சின்ன மண்வெட்டி, குடிநீர், முறுக்கோ கடலை மிட்டாயோ ஏதாவது. இவற்றைவிட எல்லோரும் மறப்பது கால். அலுவலகத்துக்குப் போடும் மெல்லிய ஷூவோடு கிளம்பிவிடுவார்கள். கார் நின்றுவிட்டால் 300 மீட்டர் நடக்கவேண்டியிருக்கும், அப்போது தெரியும். பூட்ஸும் குல்லாவும் கையுறையும் பின்சீட்டில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம். டிக்கி உறைந்து திறக்காமல் போகலாம்.

கிளம்பும்போது காரின் மேல்கூரையில் இருக்கும் பனியையும் முழுக்கத் தள்ளுங்கள். கண்ணாடியில் மட்டும் இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும். உள்ளே ஹீட்டர் போட்டு பத்து நிமிஷத்தில் கூரையில் இருக்கும் பனியின் அடிப்பகுதி இளகும். முதல் சிக்னலில் பிரேக் போட்டதும் மொத்தமும் ஒரே பாளமாக வழுக்கி முன் கண்ணாடியில் விழும். வைப்பரால் அதை அசைக்கக்கூட முடியாது. நடு ரோட்டில், கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. விளக்குகளையும் துடையுங்கள். பழைய பல்பு விளக்கின் சூட்டில் பனி தானே உருகும், இப்போதைய எல்.இ.டி. விளக்கின் முகத்தில் அது அப்படியே அப்பிக்கொண்டிருக்கும். பகலில் தானாக எரியும் விளக்கை நம்பாதீர்கள், பல கார்களில் அது முன்னால் மட்டும்தான் எரியும். பின்னால் வரும் எனக்கு, வெள்ளைச் சாலையில் வெள்ளைக் கார், சிவப்பு வெளிச்சம் இல்லை என்றால் கடைசி நொடியில்தான் தெரியும். ஸ்விட்சைக் கையால் திருப்பி முழு விளக்கையும் போடுங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்வி, எங்கள் வண்டிக்குப் பின்னால் வருவது. ஆம், அதுதான் சாலையிலேயே பத்திரமான இடம், தூரம் விட்டு வந்தால். நீல விளக்கு சுழல்வது தெரிந்தால் வேகத்தைக் குறைத்து ஏழெட்டுக் கார் நீளம் பின்னால் வாருங்கள். 401-இல் நாங்கள் மூன்று நான்கு வண்டிகள் படிக்கட்டு மாதிரி ஒன்றையொன்று தள்ளி வரிசையாகப் போவோம், முதல் வண்டி ஒதுக்கியதை அடுத்தது வாங்கி இன்னும் ஓரம் தள்ளும். இந்த வரிசைக்கு நடுவே புகுந்து முந்துகிறவர்கள் உண்டு. எங்கள் வண்டிக்குப் பக்கவாட்டில் இறக்கை மாதிரி இன்னொரு தகடு நீண்டிருக்கும். அது கிளப்பும் பனிப்புகையில் உங்களுக்கு அந்தத் தகடு தெரியாது, எனக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். இன்னொன்று: நாங்கள் போட்ட உப்பு உடனே வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள். மைனஸ் 5-இல் நன்றாக உருக்கும். மைனஸ் 10-ஐத் தாண்டினால் சோம்பிவிடும். மைனஸ் 15-இல் நாங்கள் மணலைத் தூவுவது பிடிப்புக்காகத்தான், உருக அல்ல. மேம்பாலங்கள் கீழிருந்தும் குளிர்வதால் சாலைக்கு முன்பே உறையும். விமான நிலையம் பக்கம் 401-இல் ஏறும் வளைவுகள் எல்லாம் அப்படிப்பட்டவை.

இத்தனையும் செய்து, நடுவழியில் நின்றுவிட்டீர்கள் என்று வையுங்கள். காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள், எதிரே கட்டிடம் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிந்தாலொழிய. 2022 டிசம்பரில், ஏரிக்கு அந்தப் பக்கம் பஃபலோவில் வந்த பிளிஸார்டில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காரிலும் இறந்தார்கள், வெளியில் நடந்தும் இறந்தார்கள், ஆம்புலன்ஸ் வரமுடியாமல் வீட்டிலும் இறந்தார்கள். வண்டி ஓட்டத் தடை என்ற உத்தரவு அன்று காலை 9:30-க்கு வந்தது. அதற்குள் பலர் வேலைக்குக் கிளம்பியிருந்தார்கள். உத்தரவு வரும்வரை காத்திருக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நின்ற காரில் முதலில் பார்க்க வேண்டியது புகைக்குழாய். 2022 ஜனவரிப் புயலில், ஒரு ராத்திரி, இறங்கு வளைவின் ஓரத்தில் ஒரு சின்னக் கார். பின்பக்கம் முழுக்கப் பனியில் புதைந்திருந்தது, எஞ்சின் மட்டும் ஓடும் சத்தம். ஜன்னல்கள் எல்லாம் இறுக்கமாக ஏற்றியிருந்தன. உள்ளே ஒரு இளைஞர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைத் தட்டினேன். இரண்டாவது முறை, மூன்றாவது முறை, பிறகு மண்வெட்டிக் காம்பால். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், ஆனால் கண்ணாடியை இறக்க எந்தப் பட்டன் என்று அவருக்கு உடனே தெரியவில்லை. கதவைத் திறந்ததும் தலை வலிக்கிறது என்றார். குழாய் அடைத்தால் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வரும், அதற்கு வாசனை இல்லை, தூக்கம்தான் வரும். அதனால் குழாயைச் சுற்றிப் பனியைத் தோண்டி விடுங்கள், மணிக்கொரு முறை மறுபடி பாருங்கள். எஞ்சினை மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் ஓட்டுங்கள், அப்போது காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டா, சம்பளம் பிடிப்பார்களா என்பதும் உங்கள் மனதில் இருக்கலாம். அது சட்டம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டியது, நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் வியாழக்கிழமை காலை. நீங்கள் வாசலில் இருக்கும் பனியை எல்லாம் அள்ளி முடித்து இடுப்பை நிமிர்த்தும்போது மாநகராட்சியின் வண்டி வந்து, தெருவில் இருந்ததை வழித்து, உங்கள் வாசல் முனையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கரை கட்டிவிட்டுப் போகும். எல்லோரும் டிரைவரைத் திட்டுவார்கள், நானும் நிறைய வாங்கியிருக்கிறேன். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வாசலில் தெருவைப் பார்த்து நில்லுங்கள். இங்கே வண்டி உங்கள் இடப்பக்கத்திலிருந்துதான் வரும். அதனால் அள்ளுவதை எல்லாம் வலப்பக்கம் போடுங்கள். இடப்பக்கத்தில், வாசலுக்கு முன்னால், ஓரமாக ஒரு கார் நீளத்துக்குச் சுத்தம் செய்து காலியாக விடுங்கள். வண்டி சுமந்து வரும் பனியில் பெரும்பகுதி அந்தக் காலி இடத்தில் விழுந்துவிடும், உங்கள் வாசலுக்கு மிச்சம்தான் வரும். அதுவும் கனமாகத்தான் இருக்கும், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி அள்ளுங்கள்.